பால் பல்

சரியாகச் சொன்ன ஒரு பெண்ணை ஆராய்ச்சியை விட்டே துரத்தியவன் நான்.

கங்காருவைப் போல் பையில் குட்டி வளர்த்த, இப்போது அழிந்துபோன விலங்குகளைப் பல்லை வைத்து வகை பிரிப்பது எங்கள் வேலை. ஒரு கடைவாய்ப்பல்லைப் பார்த்து, புது இனம் என்று கட்டுரை எழுதி அறிவித்தேன்.

என் ஆய்வு மாணவி சபீனா ஆய்வுக்கூடத்தில் எல்லோர் முன்னும் தயங்கித்தான் சொன்னாள். "சார், இது கடைவாய்ப்பல்லு இல்லீங்க. குட்டியோட பால் பல்லு. பாக்க அப்படியேதான் இருக்கும்."

"உனக்குப் பல்லு முளைச்சு எத்தனை நாளாச்சும்மா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

அன்று மாலையே லென்ஸில் பார்த்திருந்தேன். எனாமல் மெல்லியது, வேர்கள் விரிந்திருந்தன. பால் பல்தான். வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஓய்வுபெற்று ஓசூரில் தனியாக இருக்கிறேன். அக்கம்பக்கத்தார் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்விட்டால் பகலில் அடுக்ககமே காலி. பேச ஆளில்லாத அந்தப் பகல்களில்தான் என் பழைய கட்டுரைக்கு நானே மறுப்பு எழுதினேன். பால் பல் என்று கண்டுபிடித்தவள் சபீனா என்று அச்சாகி வந்தது. எடுத்துக்கொண்டு பர்கூருக்குப் போனேன். அங்கே பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள்.

நின்றபடியே கடைசிவரை படித்தாள்.

"படத்துல இருக்கிறது இடது பல்லு சார். வலதுன்னு போட்டிருக்கீங்க."

பார்த்தேன். "ஆமாம்மா, என் தப்பு."

டீ கொடுத்தாள். கிளம்பும்போது, "கிருஷ்ணகிரி பஸ் வந்துரும் சார்" என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.