துருவின் மேல் போட்ட பழி

டெய்லருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்துவிடுவார். நூல் துளைக்குள் போவதற்குள் கோபம் போய்விடும். அன்று காருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தவரிடம் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. கையில் இருந்தது சுத்தியல்.

வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய காரின் பின்சக்கரம், பிரேக் போட்டால் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் அலறியது. மெக்கானிக்கிடம் விட்டால் எப்போது திரும்பி வரும் என்று கடவுளுக்கே தெரியாது. தைத்ததைப் பிரித்துத் திருப்பித் தைக்கிறவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்று டெய்லர் தானே களத்தில் இறங்கிவிட்டார். அந்த வீட்டில் மின்விசிறி முதல் குழாய் வரை அவர்தான் வைத்தியர். பிழைத்தவை பாதி. மீதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் இந்தத் தடவை விளையாட்டில்லை. டெய்லரம்மாவின் அக்கா பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தார். பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. தங்கை போய் ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். தங்கைக்கோ முழங்கால் மடங்காது, பஸ்ஸின் முதல் படியே மலை. வாடகைக் கார்க்காரர்களும் அந்த வாரம் பார்த்து வேலைநிறுத்தம். இன்றும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள் என்று காலையில் நர்ஸ் போனில் சொன்னதிலிருந்து, டெய்லரம்மா வீட்டுக்குள் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் கார் ஓடும் என்று டெய்லர் வாக்குக் கொடுத்திருந்தார்.

எல்லாம் முறைப்படிதான் செய்தார். முன்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தார். ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றினார். தேய்ந்துபோன பிரேக் கட்டையை, அதாவது ஷூவை, மூடியிருக்கும் இரும்பு டிரம் துருவேறிச் செக்கச்செவேலென்று இருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு குட்டித் திருகாணிகளும் அசைய மறுத்தன. அவசரப்பட்டால் திருகாணியின் தலை வழுக்கிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. உள்ளே போய் எண்ணெய் எடுத்துவந்து ஊற்றினார், ஊறவிட்டார், மெல்லத் தட்டினார், மறுபடி ஊற்றினார். வெயில் தெருவைத் தாண்டிப் போனபோது ஒன்று கிறீச்சென்று இளகியது. பின்னாலேயே மற்றதும் வந்தது. டெய்லருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதோடு சரி. டிரம் வரவில்லை. சுற்றவும் இல்லை, அசையவும் இல்லை, உடும்புப்பிடி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று சுற்றிச் சுற்றித் தட்டினார். அம்மியாக இருந்தால் நகர்ந்திருக்கும். வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். ஹேண்ட்பிரேக்கை இறக்கியாச்சா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டெய்லருக்குச் சுருக்கென்றது. சட்டை தைக்கிறவனிடம் அளவு எடுத்தாயா என்று கேட்பார்களா? முதல் வேலையே அதுதான் என்று வெடுக்கென்று சொன்னார். அப்படியானால் துரு முற்றிவிட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும், அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன் என்று மெக்கானிக் வைத்துவிட்டார்.

டெய்லர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மனைவியிடம் அந்த வார்த்தையை அவர் அதுவரை சொன்னதே இல்லை.

"என்னால முடியலம்மா. துரு விடமாட்டேங்குது."

டெய்லரம்மாவின் கையிலிருந்த துணி நின்றது. கண் கலங்கியது. ஆனாலும் அவர் கணவரைத்தான் தேற்றினார்.

"விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. வண்டி உங்க மேல உருளாம இருந்துதே, அதுவே போதும். நீங்க எண்ணெய் எடுக்க உள்ள வந்தப்பவே நான் போய் ஹேண்ட்பிரேக்க இழுத்துவிட்டுட்டேன்."

டெய்லர் அவரையே பார்த்தார். "எத இழுத்துவிட்ட?"

டெய்லரம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. கார் வாங்கிய புதிதில், ஒரு சரிவில் நிறுத்திவிட்டு, பிரேக் போட மறந்து, வழி கேட்க இறங்கிப் போனவர் இதே டெய்லர். அக்காவும் தங்கையும் பின்சீட்டில் இருக்க, கார் தானாகப் புறப்பட்டு ஒரு சுவரில் முட்டித்தான் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து டெய்லர் காரை விட்டு இறங்கினால் "பிரேக் போட்டாச்சா?" என்று அக்கா கேட்பார். தங்கை கேட்கவெல்லாம் மாட்டார். கையை நீட்டி இழுத்தே விடுவார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டிரம்மை உள்ளிருந்து கவ்வியிருந்தது துரு இல்லை, இழுத்துவிட்ட பிரேக். டெய்லர் ஓடிப்போய் ஹேண்ட்பிரேக் கைப்பிடியை இறக்கினார். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. டிரம் துருப்பொடியை உதிர்த்துக்கொண்டு மடியில் வந்து விழுந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே, அதைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற டெய்லரம்மா, தன்னால்தானே அக்கா பட்டினி என்று அழ ஆரம்பித்து, அவர் சிரிப்பதைப் பார்த்துப் பாதியிலேயே சிரித்துவிட்டார். கோபம் வரவேண்டிய இடம்தான். டெய்லருக்கு வரவில்லை.

வாங்கிவைத்திருந்த புதிய பிரேக் ஷூவை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டி, பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். டெய்லரம்மா ஊட்டிக்கொண்டே, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்ட தன் பெருமையைத் தானே சொன்னார். அக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. கரண்டி வந்தபோதெல்லாம் திறந்தது. கிண்ணம் காலியானதும் அக்கா டெய்லரைப் பார்த்தார். வார்த்தையைத் தேடி உதடு வெகுநேரம் அலைந்தது.

"பிரேக்..." என்றார். கொஞ்சம் பொறுத்து, "போட்டாச்சா?"

குழாயும் கையுமாக வந்த நர்ஸ் அப்படியே நின்றாள். போட்டாச்சு என்று டெய்லர் தலையை ஆட்டினார். இங்கே வந்து நிறுத்தியபோதும் போட்டது அவரில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.