கப்சாயில் ஒரு தவில், கையில் ஒரு ஜி.பி.எஸ்: கேமரன் மலை, 1989

கையடக்க ஜி.பி.எஸ் வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகலாமா என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். போகலாம். நான் 1989-லேயே போய்விட்டேன். அந்த மலையில் மோட்டாரில் அதைக் கொண்டுபோன முதல் ஆள் நான்தான் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். இல்லை என்று யாரும் வந்து சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நான்காம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு மோட்டார் பட்டறையில் இருந்தேன். என் அக்கா மல்லிகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர். அவர்கள் வேண்டுதல்படி தாலி கட்டுவது அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். பந்தலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, மேளம் எங்கள் பொறுப்பு.

கருவி என்னுடையது இல்லை. பெரியப்பா மகன் ஜெயா அண்ணன் லூமுட் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகில் வேலை செய்தார். படகு பழுதுபார்ப்பில் இருந்ததால் அதன் ஜி.பி.எஸ்ஸை முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்திருந்தார். செங்கல் கனம், செங்கல் அளவு. ஆறு பேட்டரி போட வேண்டும். படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. வடக்கே இத்தனை, கிழக்கே இத்தனை என்று எண்களைக் காட்டும், அவ்வளவுதான். அதுவும் நாள் முழுக்கக் காட்டாது. அப்போது வானத்தில் செயற்கைக்கோள்கள் குறைவு. அந்த வாரம் எங்களுக்குக் காலையில் சில மணி நேரம்தான் கிடைத்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் தாப்பாவிலிருந்து கிளம்பினோம். பெண்வீட்டார் பஸ்ஸில், நானும் ஜெயா அண்ணனும் என் கப்சாய் மோட்டாரில். ரிங்லெட் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், அத்தனையும் வளைவு. எழுபது சிசி வண்டிக்கு இரண்டு பேரும் ஒரு செங்கலும் என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் ஓராங் அஸ்லி பழங்குடியினர் கடைகளில் தேன் வாங்காதீர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். வாங்குங்கள், நன்றாகத்தான் இருக்கும்.

கோயிலில் எங்களை வரவேற்றவர் மாப்பிள்ளையின் அப்பா. பெருமைக்காரர். "எங்க தோட்டம் அஞ்சாயிரம் அடி தம்பி. ஒங்க தாப்பா மாதிரி வேர்த்து வழியிற ஊரு இல்ல," என்றார். அன்று மட்டும் அந்த அஞ்சாயிரம் அடியை ஆறு தடவை கேட்டேன். ஜெயா அண்ணன் கோயில் வாசலில் கருவியை வானத்தைப் பார்க்க வைத்து, ஏதோ நாலு இலக்கம் அழுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து கோயிலின் இடத்தை எடுத்தார். அந்த எண்களை நான் கப்சாயின் முன்தகட்டில் மை பேனாவால் பெரிதாக எழுதிக்கொண்டேன். எங்கள் சித்தப்பா பார்த்துவிட்டு, "கணக்குல முட்ட வாங்கினவன் மோட்டாருல கணக்கு எழுதுறான்லா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு ஒரு காய்கறி லாரிக்காரர் சேதி கொண்டுவந்தார். ரிங்லெட்டுக்கு மேலே பெரிய சாலையில் மண் சரிந்துவிட்டது. எங்கள் தவில்காரர் சிங்காரம் அண்ணனின் வேன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. நாயனக்காரர் முதல் நாளே பஸ்ஸில் வந்துவிட்டார். சிங்காரம் அண்ணனுக்கு இராத்திரி வேறு கச்சேரி, அதனால் காலையில் வருவதாக ஏற்பாடு. முகூர்த்தம் பத்தரைக்குள்.

சம்பந்தி அதற்கு அசரவே இல்லை. "கெட்டிமேளம் கேசட் இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டா தோட்டத்து மூணு டிவிசனுக்கும் கேக்கும்," என்றார்.

அக்கா கூந்தலில் பாதிப் பூவோடு வெளியே வந்தாள். "கேசட்டுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன் மாமா. மொதல்ல அந்த ஸ்பீக்கர அணைக்கச் சொல்லுங்க."

எங்கள் அப்பா தரையைப் பார்த்தார். மேளம் எங்கள் பொறுப்பு. அது வராவிட்டால் இந்த வீட்டில் அக்கா ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நான் கப்சாயை உதைத்தேன். தோட்டத்துப் பாதைகளில் இறங்கி, காய்கறித் தோட்டங்கள் வழியாக ரிங்லெட் போய்விடலாம் என்றார்கள். துணைக்கு ஒரு தோட்டத்து ஆளை அனுப்புகிறேன் என்றார் மாப்பிள்ளை.

"வரும்போது அவர எங்க ஒக்கார வைக்கிறது, தவில் மேலயா?" என்றேன். ஜெயா அண்ணன் செங்கலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

இறங்கியது சுலபம். இறங்கும்போது பாதைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேரும். ஏறும்போதுதான் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும் என்பது கீழே போன பிறகுதான் உறைத்தது. சிங்காரம் அண்ணன் ஒரு சாப்பாட்டுக் கடையில் தவிலைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, தொண்ணூறு கிலோ. தன் மழைக்கோட்டைக் கழற்றித் தவிலுக்குப் போட்டார்.

"நீங்க நனைவீங்கண்ணே."

"எனக்குச் சளி புடிச்சா கஷாயம் குடிப்பேன். இதுக்குப் புடிச்சா யாரு குடுப்பா? ஓட்டு."

தவில் என் முதுகுக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே. முதல் கியரிலேயே ஏறினோம். பாதி மலையில் மூடுபனி இறங்கியது. முன்சக்கரம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தேயிலை. கல்யாண நாள் என்று யாரும் கொழுந்து எடுக்க வரவில்லை, வழி கேட்க ஆளில்லை. கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போயிருக்கலாம். அதைத்தான் அக்கா அணைக்கச் சொல்லிவிட்டாளே.

ஒரு முச்சந்தியில் நிறுத்திக் கருவியை எடுத்தேன். குலுக்கலில் பேட்டரி கழன்று அது அணைந்திருந்தது. திரும்பப் போட்டேன். வரிசையாக ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று பொத்தானை அழுத்தினேன். மூடுபனி கண்ணைத்தான் மறைக்கும், இதை மறைக்காது. பத்து நிமிடத்தில் எண் வந்தது. கிழக்குக் கணக்கில் கோயில் 25.3 நிமிடம், நாங்கள் 24.7. இந்த நிமிடம் நேரக் கணக்கு இல்லை, தீர்க்கரேகைப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அது ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் என்று ஜெயா அண்ணன் சொல்லியிருந்தார். அப்படியானால் கோயில் கிழக்கே ஒரு கிலோமீட்டர். சாவிக்கொத்தில் தொங்கிய காம்பஸைப் பார்த்துக் கிழக்குப் பாதையில் விட்டேன்.

பாதை ஒரு பம்புக் கொட்டகையில் முடிந்தது. அதற்கு அப்பால் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் காடு. மறுபடி எண் எடுத்தேன். 25.0. கோயில் இன்னும் கிழக்கே அரைக் கிலோமீட்டர், அதாவது காட்டுக்குள்ளே என்றது.

சிங்காரம் அண்ணன் இறங்கித் தவிலைக் கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்தார். "தம்பி, படிப்பத்தான் பாதில விட்ட. பாதையையும் பாதில விடுற."

"பெட்டி தப்பா சொல்லுதுண்ணே."

"பெட்டி தப்பா, நீ தப்பா? மணி ஒம்பதே முக்கால்."

கோபம்தான் வந்தது. ஆனால் பட்டறையில் ஒன்று கற்றிருந்தேன். வண்டி நின்றுபோனால் வண்டியைத் திட்டக்கூடாது, கடைசியாக எதைத் தொட்டோம் என்று பார்க்க வேண்டும். கடைசியாக நான் தொட்டது பேட்டரி. நேற்று ஜெயா அண்ணன் நாலு இலக்கம் அழுத்தினார், நான் ஒன்றும் அழுத்தவில்லை. கருவி கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் புரட்டினேன். ஒரு வரியில் உயரம் என்றிருந்தது. அதற்கு எதிரே மூன்று மீட்டர்.

மூன்று மீட்டர் என்பது படகின் மேல்தளம். அது படகுக் கருவி. நாம் சொல்லாவிட்டால் கடலில் மிதக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொள்ளும். விரல்விட்டு எண்ணக்கூடிய செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. உயரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அதில் பொய் சொன்னால் பதிலும் அந்த அளவுக்கு விலகிப்போகும்.

"அண்ணே, இது நாம கடல்ல நிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

"பொறந்ததுலேர்ந்து நான் கடலப் பாத்ததே இல்ல. படக எங்கயாவது கட்டிட்டு வழியச் சொல்லு."

உண்மையான உயரம் எவ்வளவு? யோசிக்கவே வேண்டியதில்லை. சம்பந்தி ஆறு தடவை சொல்லியிருக்கிறார், ஐயாயிரம் அடி. அதை மூன்றேகாலால் வகுத்தேன். மனதுக்குள்தான், முட்டை வாங்கினவனின் மனதுக்குள். ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். அழுத்தினேன். காத்திருந்த அந்தப் பத்து நிமிடமும் சிங்காரம் அண்ணன் உள்ளங்கையால் தவிலின் தோலைத் தடவிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

25.9.

கோயில் எங்களுக்குப் பின்னால், மேற்கே ஒரு கிலோமீட்டர் சொச்சம். வடக்கு எண் இரண்டு இடத்துக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். முச்சந்திக்குத் திரும்பி மேற்குப் பாதையைப் பிடித்தேன். கருவியை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பனிக்குள் முதலில் வாழைமரம் தெரிந்தது, பிறகு தோரணம், பிறகு என் அப்பாவின் வெள்ளைச் சட்டை.

பந்தலில் ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி கேசட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா மணவறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிங்காரம் அண்ணன் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நடந்துகொண்டே விரல்களில் கூடுகளை மாட்டினார், தோளில் பட்டையைப் போட்டார், ஒரே ஒரு அடி அடித்துப் பார்த்தார். ஈரம் ஏறாத தோல். அந்தச் சத்தம் பந்தல் தகரத்தில் பட்டு என் நெஞ்சுக்குள் வந்தது. அக்கா கையைப் பிரித்தாள்.

கெட்டிமேளம் முழங்கியபோது நான் சேற்றோடு ஓரமாக நின்றேன். அப்பா வந்து என் கழுத்திலிருந்த செங்கலை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கல்யாண ஆல்பத்தில் பாருங்கள், தாலி கட்டும் படத்தில் அப்பா கழுத்தில் மாலை இல்லை, அதுதான் இருக்கும்.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இன்றைய கருவிக்கு உயரம் தானாகவே தெரியும், ஆனாலும் பேட்டரி கழன்றால் என்ன மறக்கும் என்று வீட்டிலேயே கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நின்று எண் எடுக்காதீர்கள், தேயிலைக்கு நடுவே திறந்த வானம் கிடைக்கும். காம்பஸை மோட்டாரிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், இரும்பு அதை இழுக்கும். ரிங்லெட்டிலேயே பெட்ரோல் நிரப்புங்கள். தோட்டத்துப் பாதைகள் தோட்டத்துக்குச் சொந்தம், கேட்டுவிட்டு நுழையுங்கள். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி புளிக்கும், சர்க்கரை கேளுங்கள். மிக முக்கியமாக, கருவி தவறான பதில் சொன்னால் அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று முதலில் பாருங்கள்.

அன்று சாயங்காலம் சாலையைத் திறந்துவிட்டார்கள். சிங்காரம் அண்ணன் வந்த வேன் காலையிலேயே திரும்பிவிட்டதால் மாப்பிள்ளை வீட்டில் அவருக்குக் கார் ஏற்பாடு செய்தார்கள். அவர் தவிலைத் தூக்கிக்கொண்டு நேராக என் கப்சாய்க்கு வந்தார்.

"கார் சும்மாதாண்ணே இருக்கு."

"இருக்கட்டும். ஏறின மோட்டார்லயே எறங்குறேன்." ஏறி உட்கார்ந்து, தவிலை என் முதுகில் சாய்த்தார். ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் என் தோளைத் தட்டி, "தம்பி, எறங்கிக்கிட்டு இருக்கோம்னு பெட்டிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், தாப்பா வரைக்கும்.