கரி படியாத குசினி

வவுனியாவில் நானிருக்கும் வாடகை வீட்டுக்குப் போன கிழமை வெள்ளையடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியதும் நான் சுவரில் படாமல் ஒதுங்கி நடக்கத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள். பேய்க்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வெள்ளைச் சுவருக்குப் பயந்து வளர்ந்தவள்.

அக்கராயனில் எங்களுக்கு அரசாங்க வீடு கிடைத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. சண்டை முடிந்து, தறப்பாள் விரித்த கொட்டிலில் கிடந்த எங்களுக்கு அந்த வீடு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. எந்நேரமும் வந்து திருப்பிக் கேட்பார்கள் போல. பழுதாக்கினால் பறித்துவிடுவார்கள் என்று அப்பாவுக்கு யார் சொன்னதோ தெரியாது, ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். என் எண்ணெய்த் தலை சுவரில் பட்டால் அடி விழும். இரவில் உள்ளே படுப்போம். விடிந்ததும் பாயைச் சுருட்டி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். புதுக் குசினி சும்மா கிடக்க, அம்மா மழையிலும் பழைய கொட்டிலிலேயே சமைத்தார்.

ஒருநாள் காலை உத்தியோகத்தர் ஒருவர் கோப்போடு மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர் குசினிக்குள் போய் அடுப்புக்கட்டில் விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒருத்தரும் இருக்கிறேல்லப் போல. வேற ஆக்களுக்குக் குடுக்கச் சொல்லி எழுதப்போறன்."

அப்பா எதற்குப் பயந்தாரோ அதைத் தன் கையாலேயே வரவழைத்திருந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நடுங்குவதைப் பார்த்தேன். ஷெல்லடிக்குள்கூட அவர் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாதான் ஓடினார். கொட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைத் தூக்கிவந்து குசினி அடுப்பில் வைத்து, எரிகிற கொள்ளிகளையும் கொண்டுவந்து செருகினார். ஈர விறகு. பார்த்துக்கொண்டிருக்கவே வெள்ளைச் சுவரில் புகை கறுப்பாக ஏறியது.

"இருக்கிறம் ஐயா. பழுதாப் போகுமெண்ட பயத்திலதான் புழங்கேல்ல."

அவர் இருமிக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று தெரியாமல் மாதக்கணக்கில் செத்துப் பிழைத்தோம். வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தபிறகும் அப்பா நம்பவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், பசியோ இல்லையோ, அடுப்பை மூட்டச் சொல்லுவார்.

இப்போது அப்பா இல்லை. தம்பி கடல் கடந்துவிட்டான். அம்மா என்னோடு வந்துவிட்டதால் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வரிசையில் இன்னும் பல வீடுகளும் அப்படித்தான். ஒருவரும் கோப்போடு வருவதில்லை. வெள்ளையடித்த அன்று, எங்கள் வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"குடுக்கட்டும் பிள்ளை. ஆரும் இருந்தாச் சரி."

கொஞ்சமும் பயமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு திக்கென்றது.