வாப்பாவின் குரலில் நான் படித்த ஆங்கிலம்

எங்கள் வாப்பா அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வருடக் கத்தம் ஓத வரும் உறவினர்களும் நண்பர்களும் வாசிக்கும் இம்மலரில் ஒரு பெண் எழுதுவது முறைதானா என்று இன்னும் யோசிக்கிறேன். உம்மாதான், "நீ எழுது மகள்" என்றார்கள். பிள்ளை உறங்கும் நேரத்தில் எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருதமுனையில் பிறந்த வாப்பா, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, குர்ஆன் படிக்கும் ஓதப்பள்ளியை விட்டு, நெசவுக்காகத் தறிக்குழியில் இறங்கியவர்கள். மாரி வெள்ளம் குழியை நிரப்பும் நாட்களில் நூலைத் தலையில் சுமந்து அயலூர்த் தறிகளில் நெய்து வருவார்கள். எவரையும் கடிந்து பேசியறியார்கள்.

நான் பெரிய பிள்ளையானதும் ஊர் வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. ஆசிரியையாகும் ஆசை அத்தோடு போயிற்றென்று அழுதேன். ஆசிரியர் தேர்வுச் சோதனைக்கு வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று, வாப்பா நற்பிட்டிமுனையிலிருந்து ஆங்கில மாஸ்டர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் முற்றத்தில், நான் சேலைத் திரைக்குப் பின்னால். குமர்ப்பிள்ளையின் குரல் அந்நிய ஆணுக்குக் கேட்கலாகாது என்பதால் நடுவில் வாப்பா.

ஆங்கில வினைச்சொற்களில் சில எந்த விதிக்கும் அடங்குவதில்லை. நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றையும் மனனம் செய்யத்தான் வேண்டும். மாஸ்டர் "கோ" என்பார். நான் வாப்பாவின் காதில் மெல்லச் சொல்வேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத வாப்பா, ஓதும் இராகத்திலேயே உரக்கச் சொல்வார்கள்: "கோ... வென்ட்... கோன்!"

வேலிக்கு அப்பால் வாப்பாவின் தங்கை, என் மாமி, சும்மா இருக்க மாட்டார். அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிட்டுக் கேட்பார்:

"காக்கா, சோதின ஆருக்கு? உங்களுக்கா, மகளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். நான் பெயிலானா நீ சிரி."

சோதனை நெருங்கிய ஒரு பின்னேரம் மாஸ்டர் சொன்னார்: "காக்கா, நேர்முகத்தில ஆங்கிலத்தில கேப்பாங்க. அங்க பிள்ளைதான் வாய் திறக்கணும். நீங்க போய் இருக்க ஏலாது."

மாஸ்டர் "டேக்" என்றார். நான் காதில் சொன்னேன். வாப்பா அதைத் திரும்பச் சொல்லாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சொன்னேன்.

"எனக்குக் கேக்கல்ல மகள்."

சற்று உரத்துச் சொன்னேன்.

"இன்னும் கேக்கல்ல."

வேலியோரம் மாமி நிற்பது தெரியும். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "டேக், டுக், டேக்கன்!" என்று கத்தியே விட்டேன்.

முற்றத்திலிருந்து மாஸ்டர் முதல் தடவையாக என்னிடமே கதைத்தார்: "சரி பிள்ள. அடுத்தது, கம்."

"குமர்ர சத்தம் கடற்கர வரைக்கும் கேட்டிச்சி காக்கா!" என்றார் மாமி.

"கேக்கட்டும். நாளைக்கு ஒரு வகுப்புக்குக் கேக்கணுமே."

தேறினேன், ஆசிரியையானேன். வாப்பா நெஞ்சு நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில், கைக்குழந்தையோடு வேலையைத் தொடர்வதா என்று வாப்பாவிடம் கேட்டேன். "லீவு முடிஞ்சா போ மகள்" என்றார்கள். அதற்கு மேல் பேச மூச்சு இடம் தரவில்லை.

நோயில் பணிவிடை செய்தோருக்கும், ஜனாஸாவைச் சுமந்தோருக்கும், செய்தி கேட்டதும் சைக்கிளில் ஓடிவந்த மாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாப்பாவின் மறுமைக்காக நீங்கள் ஏந்தும் கைகளை அல்லாஹ் வெறுமையாகத் திருப்பாதிருப்பானாக.

மாமிக்குத் தனியாக ஒரு நன்றி. அவரின் இளைய மகள் இவ்வருடம் பெரிய பிள்ளையானாள். என் லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய காலையில் மாமியே அவளை என்னிடம் கூட்டி வந்து, "இவளையும் உன்னோட கூட்டிப் போ புள்ள" என்றார். இருவரும் சேர்ந்துதான் போனோம்.