ஒண்ணும் ஆவாது என்று சொன்னவன்

பேத்தி யாழினிக்கு முதலில் வந்தது வயிற்றுவலி. பள்ளிக்குக் கிளம்பும்போது வரும். அவள் அம்மா வீட்டிலிருக்கும் நாளில் வராது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. நடிக்கிறாள் என்றார்கள். நடிக்கிற குழந்தைக்கு உள்ளங்கை அப்படி வியர்க்காது.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை ஒட்டி எங்கள் வீடு. மகன் துபாயில். மருமகள் செல்வி பாண்டியில் ஒரு துணிக்கடைக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். எங்கள் நிறுத்தத்துக்கு எதிரே நடந்த ஒரு விபத்தைப் பார்த்த நாளிலிருந்து யாழினிக்கு ஒரே கேள்விதான்.

"தாத்தா, அம்மா வந்துடுவாங்கல்ல?"

"ஒண்ணும் ஆவாதுடா கண்ணு" என்பேன். முகம் தெளியும். சற்று நேரத்தில் மறுபடி கேட்பாள். வகுப்பிலிருந்து ஆசிரியையின் போனில்கூடக் கேட்டாள். பிறகு பள்ளிக்குப் போவதே நின்றுபோனது.

செல்வி மந்திரித்து வாங்கிவந்து யாழினி கையில் கட்டிய கறுப்புக் கயிற்றை நான்தான் அறுத்தெறிந்தேன். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் அல்லவா.

மருத்துவமனையில் இதைப் பிரிவுப் பதற்றக் கோளாறு (நெருங்கியவரைப் பிரியும்போது அளவுமீறி வரும் அச்சம்) என்றார்கள். மாத்திரை தரவில்லை. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (அச்சம் தரும் எண்ணத்தைச் சோதித்து, தவிர்ப்பதைச் சிறுகச் சிறுகச் செய்து பழகும் முறை) தொடங்கியது. ஆலோசகர் ஓர் இளம்பெண்.

"சார், நீங்க சொல்ற 'ஒண்ணும் ஆவாது'தான் அவளுக்கு மருந்தாயிடுச்சு. டோஸ் ஏறிட்டே போவுது. இனிமே கேட்டா, 'தெரியாது, இருந்து பாப்போம்'னு மட்டும் சொல்லுங்க."

வெளியே வந்ததும் செல்வி சொன்னாள்: "நான் கட்டுனா மூடநம்பிக்கை, நீங்க சொன்னா சயின்ஸா மாமா?"

சிரித்துவிட்டேன். அதன் பிறகு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. வாயால் "தெரியாது" என்றேன். ஆனால் கொல்லைப் பக்கம் போய்ச் செல்விக்கு போன் செய்வேன். பஸ் ஏறிவிட்டாள் என்று தெரிந்ததும் திரும்பிவந்து லேசாகத் தலையசைப்பேன். குழந்தை துடிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வாரங்கள் போயின. சிகிச்சையின் முதல் படியைக்கூட அவள் தாண்டவில்லை.

"வூட்ல யாராச்சும் பதில் சொல்றாங்களா?" என்று ஆலோசகர் கேட்டார்.

யாழினிதான் சொன்னாள். "தாத்தா வாயால சொல்ல மாட்டாரு. தலையால சொல்லுவாரு."

பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய அந்த வாரங்களை யாழினியிடமிருந்து பறித்தவன் நான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு மாலை, போனை வீட்டில் வைத்துவிட்டு இருவரும் நிறுத்தத்தில் காத்திருந்தோம். வழக்கமான பஸ் வந்தது. செல்வி இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் தண்ணீரை வாரியடித்துப் போயின. யாழினி கேட்கவில்லை. என் கையை மட்டும் பிடித்திருந்தாள். "ஒண்ணும் ஆவாது" என்பது தொண்டைவரை வந்துவிட்டது. அது யாருக்கான மருந்து என்று அப்போதுதான் புரிந்தது.

"தாத்தா, உன் கை நடுங்குது. உனுக்கு எத்தினி மார்க்?"

பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஆலோசகர் அவளிடம் கேட்கும் கேள்வி அது.

"எட்டு" என்றேன்.

"எனுக்கு ஏழு. எதுவும் பண்ணாத. சும்மா இரு, அதுவா எறங்கும்."

இருந்தோம். மெல்ல இறங்கியது. அவளுக்கு ஐந்து ஆன பிறகும் பஸ் வரவில்லை. பின்னர் ஒன்று வந்தது. கடையில் ஸ்டாக் எடுத்ததால் தாமதம் என்றபடி செல்வி நனைந்துகொண்டே இறங்கினாள்.

யாழினி இப்போது பள்ளிக்குப் போகிறாள். சில காலைகளில் வயிறு வலிக்கிறது. வலியோடுதான் பையை மாட்டுகிறாள். மாலையில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏதோ நடந்துவிட்டதற்கு அறிகுறி என்று அதை முன்பு நம்பினேன். இப்போது அடிக்கட்டும் என்று விடுகிறேன். பஸ் வரும்வரையிலான நேரம் நீளமானது. அதைச் சுருக்க எனக்கு வழி தெரியாது. வாயையும் தலையையும் அசைக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.