ஜெயசீலி படித்துக் காட்டிய மூன்றாவது கடிதம்

பட்டாபிராம் ரயில்வே கேட்டைச் சுற்றியிருந்த குடிசைகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும், கேட்காரர் பிரகாசத்தின் மகள் ஜெயசீலியைத்தான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் அஸ்ஸாமிலிருந்தும் எங்கிருந்தும் எழுதுவார்கள். அவள் படிப்பதில் எல்லாருக்கும் ஒரே மனக்குறை. காலில் குண்டு பட்டது என்று எழுதியிருந்தால், பெற்றவள் மயங்கி விழுந்தாலும் சரி, காலில் குண்டு பட்டது என்றே படிப்பாள். "கொஞ்சம் மாத்திப் படிச்சா இன்னாடி, கொறஞ்சா பூடுவே?" என்று பக்கத்துக் குடிசை வேம்புலியம்மாள் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று பெயர் கட்டினார்கள். ஜெயசீலி படிப்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் அப்படி ஆனது பதினாறாவது வயதில், சாமுண்டீஸ்வரியால்.

சாமுண்டி பக்கத்து ஊரான சேக்காட்டுப் பெண், ஜெயசீலிக்கு ஒரு வயது இளையவள். அவள் அப்பா வீரராகவனுக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தது. காலையில் கேட்காரர் வீட்டுக்குத் தயிர் கொண்டுவருவாள். வந்தவள் போகமாட்டாள். இரண்டு வண்டி போய், மூன்றாவது வண்டிக்குக் கேட் சாத்தும்போதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நிற்பார்கள். ஜெயசீலி மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். சாமுண்டிக்கு ஆனா ஆவன்னா தெரியாது. அதில் அவளுக்குக் கவலையும் இல்லை. "நீ படிச்சிட்டே இல்ல? ரெண்டு பேருக்கும் சேத்து அது போதும்" என்பாள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம் அது. அந்த மாசியில் பட்டாளத்துக்காக நிலம் எடுத்தார்கள், வீரராகவன் நிலமும் போயிற்று. குடும்பத்தோடு மாங்காட்டில் மைத்துனன் கோதண்டத்தின் வீட்டுக்குப் போனார். கோதண்டம் சாமுண்டிக்குத் தாய்மாமன். முப்பத்திரண்டு வயது, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்.

கிளம்புகிற அன்று சாமுண்டி கேட் வீட்டுக்குப் பின்னால் நின்று தேம்பினாள். "மாமாவுக்குத்தான் என்னைக் கட்டி வெக்கப் போறாங்கடி. எனக்கு வேணாம். யார்கிட்டயும் சொல்லிடாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன். நீ போ, நான் எழுதறேன்" என்றாள் ஜெயசீலி.

சொன்னபடியே பங்குனியில் நாலு பக்கம் எழுதினாள். அதில் ஓரிடத்தில், "மாமனைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று அழுதாயே, அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?" என்றும் கேட்டிருந்தாள். கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டித்தான் போட்டாள்.

பதில் இல்லை. வைகாசியில் இன்னொன்று எழுதினாள். அதற்கும் இல்லை. யாரையாவது கெஞ்சி ஒரு கார்டு போடக்கூடவா முடியாது? தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனி மாதம் ஒருநாள் அழுதுகொண்டே நாலு வரி எழுதினாள்: "வீடு மாறியதும் உன் மனசும் மாறிவிட்டது. உன்னைப் போல நன்றி கெட்டவளை நான் பார்த்ததில்லை. இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் செத்தால்கூட நீ வரவேண்டாம்."

ஐப்பசியில் வைக்கோல் வண்டி ஓட்டும் துலுக்கானம் கேட்டில் நின்றபோது சொன்னார். "சாமுண்டிக்குக் கண்ணாலம் ஆயி அஞ்சு மாசம் ஆவுதே. உனுக்குத் தெரியாதா பாப்பா?"

கல்யாணத்துக்குக்கூடச் சொல்லவில்லை! ஜெயசீலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் அப்பா பூந்தமல்லிக்கு ஒரு வேலையாகப் போனபோது தொற்றிக்கொண்டாள். அங்கிருந்து அவரையும் இழுத்துக்கொண்டு மாங்காட்டுக்கு நடந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும் என்பதுதான் நினைப்பு.

பிரகாசம் வாசலில் கோதண்டத்தோடு பேச உட்கார்ந்தார். ஜெயசீலி கொல்லைப்பக்கம் போனாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த சாமுண்டி, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டியாடி ஜெயா! நீ வருவேன்னு எனுக்குத் தெரியும்டி!"

ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கேட்க வந்ததையெல்லாம் ஜெயசீலி அங்கேயே விட்டுவிட்டாள்.

"ஏண்டி எனக்கு ஒரு வார்த்த சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்டிடி சொல்லுவேன்? மொத கடுதாசிய மாமாதான் படிச்சாரு. ஊட்ல வேற யாருக்கு எழுத்து தெரியும்? நான் எதிர்ல குந்திகினு கேட்டுகினு கீறேன். பாதியில கம்முனு ஆயிட்டாரு. மீதிய மனசுக்குள்ளயே படிச்சி மடிச்சி வெச்சிட்டாரு. அப்பால அம்மாவுக்கு விசயம் தெரிஞ்சி, என்னை அடிச்ச அடி கொஞ்ச நஞ்சம் இல்ல. அடுத்த முகூர்த்தத்துலயே தாலி."

எட்டாவது வரை படித்தவளுக்கு இது தோன்றவில்லையே! எழுத்துத் தெரியாதவளுக்குக் கடிதம் போட்டால், அது முதலில் எழுத்துத் தெரிந்தவன் கைக்குத்தானே போகும்?

"என்னாலதானா?"

"உன்னால ஒண்ணும் இல்லடி. எப்டியும் நடந்திருக்கும். ஒரு வருசம் தள்ளிப் போயிருக்கும், அவ்ளோதான்" என்றாள் சாமுண்டி. அவளைத் தேற்றத்தான் சொன்னாள். அந்த ஒரு வருஷம்தான் ஜெயசீலியைக் குத்தியது.

சாமுண்டி ஓரமாக இருந்த காய்ந்த தவிட்டுப் பானைக்குள் கையைவிட்டு இரண்டு கவர்களை எடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. "இந்த ரெண்டயும் தபால்காரர்கிட்ட நானே வாங்கி ஒளிச்சிட்டேன். யாரையும் தொடவுடல. நீயே வந்து படிப்பேன்னு வெச்சிகினு கீறேன். படி."

வைகாசிக் கடிதத்தை ஜெயசீலி படித்தாள். நீ இல்லாமல் கேட்டில் நிற்கவே பிடிக்கவில்லை, இப்போது தயிர் கொண்டுவருபவள் பாதி தண்ணீர் கலக்கிறாள் என்றெல்லாம் எழுதியிருந்தது. சாமுண்டி சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள்.

மூன்றாவதைப் பிரித்ததும் ஜெயசீலிக்குத் தன் கையெழுத்தே பகையாகத் தெரிந்தது. சாமுண்டி முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவளிடம் இதை எப்படிப் படிப்பது? வாய்க்கு வந்ததைப் படித்தாள்.

"அன்புள்ள சாமுண்டிக்கு. நீ பதில் எழுதவில்லை என்று எனக்கு வருத்தமில்லை. உனக்கு அங்கே என்ன கஷ்டமோ. நீ எங்கே இருந்தாலும் உன் மனசு எனக்குத் தெரியும்."

சாமுண்டி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஐந்து மாதத்துப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. "இன்னொரு தபா படிடி. மொதல்லேர்ந்து."

ஜெயசீலி மறுபடி ஆரம்பித்தாள். பயத்தில் சொன்னது திரும்ப அப்படியே வருமா? "உன் மனசு எனக்குத் தெரியும்" முதலில் வந்துவிட்டது. "வருத்தமில்லை" என்றது "கவலைப்படாதே" ஆயிற்று. "கஷ்டம்" வரவே இல்லை.

சாமுண்டி கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு தபாவும் வேற வேற மாரி வருது. எழுதுனது எப்டிடி மாறும்?"

ஜெயசீலி காகிதத்தை மடிக்கப் போனாள்.

சாமுண்டி எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள். "நாலு வரி கீது. நீ இதப் பாக்காமலே சொல்றே. எழுதினத படி."

"வேணாண்டி."

"மாமாவும் இப்டித்தான் பாதிய முழுங்கினாரு. நீயாச்சும் படி."

தலையைக் குனிந்துகொண்டு ஜெயசீலி படித்தாள், நாலு வரியையும், ஒரு எழுத்துகூட விடாமல்.

சாமுண்டி அழவில்லை. "இத்த எப்போ எழுதினே?" என்று கேட்டாள்.

"ஆனி மாசம்."

"அப்ப எனுக்கு இந்த ஊட்ல யாருமே கெடையாது. ஒரு நாளைக்கு நாலு தபா மாட்டுக்குத் தவிடு எடுக்கற மாரி வந்து இத்த தொட்டுப் பாத்துட்டுப் போவேன். இதுல நீ கீறேன்னு."

ஜெயசீலி, "தெரியாம எழுதிட்டேண்டி, மன்னிச்சிடு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். சாமுண்டி கையை உதறவில்லை. பதிலுக்கு இவள் கையைப் பிடிக்கவும் இல்லை.

வாசலிலிருந்து கோதண்டம் குரல் கொடுத்தான். "வந்தவங்களுக்கு எல போடு சாமுண்டி."

சாமுண்டி எழுந்தாள். வைகாசிக் கடிதத்தை மடித்து மறுபடி தவிட்டுப் பானைக்குள் சொருகினாள். மற்றதை எடுத்து ஜெயசீலியின் கையில் வைத்தாள்.

"இத்த நீயே எட்த்துகினு பூடு" என்று சொல்லிவிட்டு, இலை போட உள்ளே போனாள்.