பக்கத்து இருக்கையின் எடை

அலுமினியத் தகட்டில் இரண்டு தட்டு. அதுதான் எங்களுக்குள் இருந்த பாஷை. நான் குடியேறிய வெளிநாட்டு ஊரான செவன் ஹில்ஸில், என் வீட்டு கராஜில், பாதி முடிந்த விமான இறக்கைக்கு வெளியே தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கும் துப்பாக்கியோடு நான் நிற்பேன். அண்ணன் உள்ளே கையை நுழைத்து, ரிவெட்டின் மறுமுனையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். பிடித்ததும் இரண்டு தட்டு, நான் அடிக்கலாம். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. அவர் சிரிப்பது மட்டும் கேட்கும்.

கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்துத் தெருக்காரர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இங்கே ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மதுரைக்காரன், மணவாழ்க்கை முறிந்து தனியாக இருந்தேன். நானே கட்டலாமென்று ஆசைப்பட்டு வாங்கிய விமானம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, நான் விழி பிதுங்கி நின்ற நாளில் வாசலில் வந்து நின்றார். "ஐசே, இது பறக்குமோ, இல்லாட்டி உம்மட காசு மட்டும்தான் பறக்குமோ?" என்று கேட்டபடியே உள்ளே வந்தவர், அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வராமல் இருந்ததே இல்லை. உங்களுக்கு இதில் என்ன ஆசை என்று ஒருமுறை கேட்டேன். "வாழ்க்கை முழுக்கத் தண்டவாளத்தில போனனான். ஒருக்கா விலகிப் போய்ப் பாக்கவேணும்" என்றார்.

ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடியைக் காணோம். வீடெல்லாம் தேடி அலுத்து, வேலை முடிந்த இறக்கையைத் தூக்கினோம். உள்ளே கடகடவென்று உருண்டது. "விடும் ஐசே, அதுக்காவது வழி தெரியட்டும்" என்றார். அடித்த ரிவெட்டுகளில் ஒரு வரிசையைத் துளைபோட்டுக் கழற்றுவதற்குள் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஒரு விதி உண்டு. சோதனைப் பறப்புகள் முடியும்வரை ஓட்டுபவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது. கடைசிக் கட்டத்தில் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் எடைக்குப் பாரம் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அண்ணன் சிவப்பரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து, பெல்ட்டையும் அவரே போட்டுவிட்டார். "இதுதான் நான். கவனமாக் கொண்டு போம்."

"வயித்தை விட்டுட்டீங்களே அண்ணே" என்றேன். காருக்குப் போய் இன்னொரு மூட்டை எடுத்து வந்தார்.

சோதனை முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். எனக்கு அந்த விதியின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி ஆற ஆளில்லை. இப்படிப்பட்டதையெல்லாம் நான் அவரிடம்தான் சொல்வேன்.

மிச்சப் பறப்புகளை அரிசி மூட்டைகளோடு முடித்தேன். இனி யாரையும் ஏற்றலாம் என்று அனுமதி வந்ததும், அவர் மனைவியிடம் போய்க் கேட்டேன். "நான் மாட்டன் தம்பி. அது அவருக்கு வச்ச இடம்" என்றார். வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். பாரம் இல்லாததால் விமானம் ஓடுபாதையில் கொஞ்ச தூரத்திலேயே எழும்பிவிட்டது. முதல் நாள் பறந்தபோதும் இப்படித்தான் லேசாக ஏறியது. அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குக் கீழே வேலியோரம் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.